மூணு சைபர்

செல்லூரில் ஆறு மணிக்குத் தறி எழும்.
அதற்கு முன்னால் துளசிராம்
மாடியைப் பார்த்துக் கத்துவார்: "போடப் போறேம்மா!"
நான் சோதனைப் பலகையை நிறுத்திவைப்பேன்.
பன்னிரண்டு மோட்டார் ஒருசேர இழுக்க
என் டியூப்லைட் ஒரு கணம் தலை குனியும்.
ஸ்டெபிலைசர் நாக்கைச் சொடுக்கும்.

இன்று அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.
திரையில் பிராஞ்சல் அனுப்பிய பேட்ச்,
மூன்றில் இரண்டாவது.
முகம் தெரியாது. டேப் இருக்க வேண்டிய இடத்தில் டேப்;
பையன் ஒழுங்கானவன்.
எப்போது ஓடலாம், எப்போது நடக்கலாம் என்று
புதிய சிப்புக்குச் சொல்லும் டிரைவர்.
அட்டவணையில் நாலே நாலு வேகம்:
முந்நூறு, அறுநூறு, ஆயிரத்தெட்டு, ஆயிரத்து இருநூறு மெகாஹெர்ட்ஸ்.
அந்த ஆயிரத்தெட்டைப் பார்த்தால் எப்போதும் சிரிப்பு வரும்,
அர்ச்சனைச் சீட்டு மாதிரி.

விதி எளியது.
ஏறும்போது முதலில் வோல்டேஜ், பிறகு வேகம்.
இறங்கும்போது முதலில் வேகம், பிறகு வோல்டேஜ்.
சோறு போடாமல் ஓடச் சொல்லாதே,
ஓட்டம் அடங்கும் முன் இலையை எடுக்காதே.
இரண்டு கிளையிலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.
'சரிபார்த்தது' என்று பெயர் போடப் போனேன்.

கரண்ட் போனது.

ஃபேன் இரைச்சல் வடிந்த அறையில்
வேறு வேலையில்லாமல் அதே வரியை மறுபடி படித்தேன்:
புதிய வேகம் பழையதைவிடப் பெரியதா?
புதியது கிலோஹெர்ட்ஸில்.
பழையது ஹெர்ட்ஸில்.
மூணு சைபர்.
இரண்டு கிலோவையும் ஐந்நூறு கிராமையும்
எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால்
ஐந்நூறுதான் பெரிது.
ஆக, இந்த நிரலுக்கு ஏற்றமே கிடையாது.
ஏறும்போதும் இறங்குவதாக நினைத்துக்கொண்டு
முதலில் ஓடச் சொல்லும், சோறு பிறகு.
பெரும்பாலும் ஓடிவிடும்.
சிலிக்கனுக்குப் பொறுமை அதிகம்.
ஆயிரம் தடவை பொறுத்து
ஒரு தடவை அப்படியே நிற்கும்.
லாகில் ஓர் எழுத்து இருக்காது.

'அலகு பொருந்தவில்லை' என்று பிராஞ்சலுக்கு எழுதத் தொடங்கி,
எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பதற்கு முன்
பழக்கத்தில் தேடிப் பார்த்தேன்.
ஒரு கோப்பு வந்தது.
அதே நான்கு வரி,
கமெண்டில் அதே எழுத்துப்பிழை.
எழுதியவர்: ப. அங்கயற்செல்வி.
ஐந்து வருடம் முன்பு, ஒரு ஏப்ரல்.
நான்.

அப்புறம்தான் ஒச்சப்பன் ஞாபகம் வந்தது.
கருமாத்தூர்ப் பக்கம் பால் சொசைட்டி மெஷின்களைப் பார்ப்பவர்.
'காலையில் முதல் ஆள் பால் ஊற்றியதும்
எப்பவாவது கல்லாகிடுது மேடம்,
கொழுப்பு அளவு வராமல் வரிசையில் சண்டை' என்று
இரண்டு முறை எழுதியிருந்தார்.
ராத்திரி முழுக்க முந்நூறில் படுத்துக் கிடந்தது
முதல் கேன் பட்டதும் ஆயிரத்து இருநூறுக்குத் துள்ளும்.
அன்று அதை யோசிக்கவில்லை.
'உங்கள் ஊர் கரண்ட் சரியில்லை போலிருக்கிறது' என்றேன்,
செல்லூரில் உட்கார்ந்துகொண்டு.
நன்றி சொன்னார்.
சொந்தக் காசில் ஸ்டெபிலைசர் வாங்கியதாக எழுதினார்,
விலைகூடப் போட்டிருந்தார், இரண்டாயிரத்து நானூறு.
அதற்குப் பிறகு எழுதவில்லை.

கரண்ட் வந்தது.
ஆயிரத்தால் வகுத்தேன். ஒரே வரி.
பலகையில் ஏற்றி
மேலே கீழே, மேலே கீழே என்று துரத்திவிட்டு
ஹீட்சிங்கில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தேன்.
காய்ச்சல் குறைந்த பிள்ளையின் நெற்றி போலெல்லாம் இல்லை.
வெறும் அலுமினியம், கொஞ்சம் சூடு.

பிராஞ்சலுக்கு: 'பிழை என்னுடையது, நீ நகலெடுத்தாய், அவ்வளவுதான்.'
என் பேட்சில் 'எதைத் திருத்துகிறது' என்ற இடத்தில்
என் பழைய கமிட்டின் பன்னிரண்டு எழுத்து.
'அறிவித்தவர்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.
ஆங்கிலத்தில் அவர் பெயரை எப்படி எழுதுவார்?
எத்தனை சி, எத்தனை பி?
பழைய மடலைத் திறந்து
ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டுகிறேன்.

கீழே ஷட்டர் ஏறுகிறது.
"போடப் போறேம்மா!"

"இருங்கண்ணே, ஒரு நிமிசம்."